"பில்லை ரத்து செய்யவா?" – பாப்-அப் டயலாக் போட்ட அனுபவங்கள்

திரையில் கேள்வி கேட்டு எழும் பெட்டியை, அதாவது பாப்-அப் டயலாக்கை, செயலியில் போட்ட அனுபவத்தை எல்லாரும் எழுதுகிறீர்கள், என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒரு மருந்துக்கடைக்கு பில்லிங் செயலி செய்து கொடுத்தோம், திரை முழுக்கத் தமிழில். பில்லை ரத்து செய்ய, சரக்கைத் திருப்பி அனுப்ப, விலையை மாற்ற என்று பத்துப் பதினைந்து இடங்களில் ஒரு கேள்வி கேட்டு உறுதி வாங்க வேண்டியிருந்தது. முதலில் பிரவுசரோடு வரும் கன்ஃபர்ம் பெட்டியையே வைத்தேன், ஒரே வரியில் முடிகிற வேலை. நாலாவது நாள் கவுன்ட்டரில் இருக்கும் அக்கா போன் செய்தார். "தம்பி, பில்லை ரத்து செய்யவான்னு கேக்குது. கீழ சரின்னு ஒண்ணு, ரத்துசெய்னு ஒண்ணு. நான் எதை அமுக்கணும்?"

அவர் கேட்டது நியாயம்தானே. கடைக் கணினியில் பிரவுசரின் மொழி தமிழ், அதனால் கேன்சல் பட்டன் "ரத்துசெய்" என்று வருகிறது. கேள்வியும் ரத்து, பதிலும் ரத்து, ஆனால் அதை அமுக்கினால் பில் ரத்தாகாது! அந்தப் பட்டனில் வரும் எழுத்தை நம்மால் மாற்றவும் முடியாது, அது பிரவுசர் போடுவது.

சரி என்று ஒரு டிவ் (வலைப்பக்கத்தில் ஒரு வெற்றுப் பெட்டி), அதன் பின்னால் அரைக்கறுப்புத் திரை, மேலே இசட்-இண்டெக்ஸ் (எது எதற்கு மேலே தெரியும் என்று சொல்லும் எண்) 9999 என்று நானே ஒரு டயலாக் எழுதி, தேவைப்பட்ட பக்கங்களில் எல்லாம் நகலெடுத்து ஒட்டினேன். பார்க்க நன்றாகவே இருந்தது. பிறகு ஒருநாள் கடைக்கே போய்ப் பக்கத்தில் நின்று பார்த்தேன். அக்கா மவுஸைத் தொடுவதே இல்லை, டேப், என்டர், டேப், என்டர் என்று விரல் ஓடிக்கொண்டே இருக்கிறது. ரத்து பட்டனில் என்டர் தட்டினார், பெட்டி வந்தது. மறுபடி என்டர் தட்டினார், பின்னால் இருந்த திரை இன்னும் ஒரு படி கறுத்தது. மூன்றாவது முறை இன்னும் கறுத்தது. பெட்டி திறந்தாலும் ஃபோகஸ், அதாவது விசை தட்டினால் வேலை செய்யும் இடம், பின்னால் இருக்கிற பழைய பட்டனிலேயே நின்றதால், அவர் தட்டிய ஒவ்வொரு என்டரும் அந்தப் பட்டனையே அமுக்கி, பெட்டி மேல் பெட்டியாகத் திறந்துகொண்டிருந்தது. வரிசையில் ஆறேழு பேர் நின்றார்கள், ஒருவர் கையில் குழந்தை. எனக்கு மனசு கேட்கவில்லை.

அன்று இரவே எல்லா நகலையும் எடுத்துவிட்டு வலைப்பக்கம் எழுதும் மொழியான ஹெச்டிஎம்எல்லிலேயே இருக்கும் டயலாக் டேக்குக்கு மாறினேன். குரோமில் அது 2014-லேயே வந்துவிட்டது, ஃபயர்ஃபாக்ஸ் 98-உம் சஃபாரி 15.4-உம் 2022 மார்ச்சில் சேர்த்த பிறகு தயங்கக் காரணமே இல்லை. அதை ஷோமோடல் என்ற கட்டளையால் திறந்தால் பின்னால் இருக்கும் பக்கம் முழுக்கச் செயலிழந்து நிற்கும், டேப் அடித்தாலும் பின்னால் இருக்கும் பட்டன்களுக்குப் போகாது, எஸ்கேப் தட்டினால் மூடும், மூடியதும் ஃபோகஸ் பழைய இடத்துக்கே திரும்பும். நான் வெறும் டிவ்வில் விட்ட அத்தனையும் இதில் சும்மாவே கிடைக்கிறது. (பின்னால் பக்கம் ஸ்க்ரோல் ஆவதை மட்டும் நாம்தான் தடுக்க வேண்டும்.)

இப்போது செயலி முழுக்க ஒரே ஒரு டயலாக், அதைத் திறக்க ஒரே ஒரு ஃபங்ஷன். கேள்வியைக் கொடுக்க வேண்டும், இரண்டு பட்டனின் எழுத்தையும் கொடுக்க வேண்டும், பதில் ப்ராமிஸாக (பிறகு வரப்போகும் பதிலுக்கான சீட்டு மாதிரி) வரும், அவெய்ட் போட்டுக் காத்திருந்து வாங்கிக்கொள்ளலாம். பட்டன் எழுத்துக்கு டிஃபால்ட் வேண்டுமென்றே வைக்கவில்லை. கோடு எழுதுகிறவர் ஒவ்வொரு முறையும் யோசித்தே ஆக வேண்டும்: "பில்லை நீக்கு", "வேண்டாம், இருக்கட்டும்". ஆட்டோஃபோகஸ் (பெட்டி திறந்ததும் ஃபோகஸ் தானாகப் போய் நிற்கும் இடம்) "வேண்டாம்" பட்டனில்தான், அதனால் பழக்கத்தில் என்டர் தட்டினாலும் எதுவும் அழியாது.

* * *

அண்ணா, நீங்கள் சொன்ன அதே முறைதான் எங்களிடமும், ஒரே டயலாக்கை எல்லா இடத்திலும் திரும்பத் திரும்பத் திறப்பது. அதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும், நான் நன்றாக அடிபட்டேன். டயலாக்குக்குள் ஃபார்ம் வைத்து மெதட் டயலாக் என்று கொடுத்தால், அமுக்கிய பட்டனின் வேல்யூ (அதற்கு நாம் வைத்த மதிப்பு) டயலாக்கின் ரிட்டர்ன்வேல்யூவில், அதாவது பதிலை வைத்திருக்கும் இடத்தில், வந்து உட்காரும், அது வசதி. ஆனால் எஸ்கேப் தட்டி மூடினால் ரிட்டர்ன்வேல்யூ மாறாது, போன தடவை இருந்ததே இருக்கும். எங்கள் பயனர் ஒருவர் முதல் பதிவுக்கு "நீக்கு" கொடுத்திருக்கிறார், அடுத்த பதிவுக்கு மனசு மாறி எஸ்கேப் தட்டியிருக்கிறார், இரண்டு பதிவுமே போய்விட்டது. பேக்கப்பில் இருந்து எடுத்துக் கொடுத்தோம், ஆனால் அந்த அரை நாள் அவர் பட்ட பதற்றத்துக்கு நான்தான் பொறுப்பு. இப்போது திறப்பதற்கு முன்னால் ரிட்டர்ன்வேல்யூவைக் காலி செய்துவிடுகிறேன்.

* * *

எனக்கு நடந்தது வேறு மாதிரி. நல்ல டயலாக் காம்போனென்ட்தான் (எங்கும் திரும்பப் பயன்படுத்தும் துண்டு), பத்துப் பக்கத்தில் சரியாக வந்தது, ஒரே ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு கார்டுக்குள் (பக்கத்தில் இருக்கும் ஒரு கட்டம்) மாட்டிக்கொண்டு பாதி வெட்டுப்பட்டு நின்றது. இசட்-இண்டெக்ஸை ஏற்றி ஏற்றிப் பார்த்து ஒரு நாள் போனது. அந்த கார்டில் யாரோ அனிமேஷனுக்காக ட்ரான்ஸ்ஃபார்ம் (நகர்த்தவும் சுழற்றவும் உதவும் ஸ்டைல்) போட்டிருந்தார்கள். சுற்றி இருக்கும் எலிமென்ட்டில் ட்ரான்ஸ்ஃபார்ம் இருந்தால், உள்ளே பொசிஷன் ஃபிக்ஸட் (திரையோடு ஒட்டி நிற்க வைப்பது) போட்டது திரையை விட்டுவிட்டு அந்த எலிமென்ட்டையே அளவாக எடுத்துக்கொள்ளும். ஷோமோடலில் இந்தத் தொல்லை இல்லை, பெட்டி டாப் லேயருக்கு, அதாவது எல்லாவற்றுக்கும் மேலே பிரவுசர் வைத்திருக்கும் அடுக்குக்கு, போய்விடும், எந்த கார்டும் அதை வெட்ட முடியாது.

* * *

தம்பி, ரிட்டர்ன்வேல்யூ பற்றிப் படித்ததும் எங்கள் செயலியைத் திறந்து பார்த்தேன். அதே ஓட்டை எங்களிடமும் இருந்தது, இன்று மதியம் அடைத்தாயிற்று. அக்காவிடம் போன் செய்து, வேண்டாம் என்றால் எஸ்கேப்பே தட்டலாம் என்று சொன்னேன். "அந்த மூலையில இருக்கிறதா?" என்று கேட்டு, போனில் இருக்கும்போதே தட்டிப் பார்த்தார்.