சீரியல் கன்சோலைத் தூக்கிவிடுவதா, வைத்துக்கொள்வதா? (லினக்ஸ் 6.12)

திருகாணி:
வணக்கம். மோட்டாரை ஓட்டும் ஒரு கன்ட்ரோல் போர்டு. ஆர்ம் 64, லினக்ஸ் 6.12, கெர்னல் செய்திகள் வெளியே வரும் சீரியல் கன்சோல் 115200 பாட் (வினாடிக்கு அத்தனை பிட்). கட்டுப்பாட்டு லூப் 1 மில்லி வினாடிக்கு ஒருமுறை ஓடியே ஆக வேண்டும். சென்சார் கேபிள் லூசாகிவிட்டால் டிரைவர் இன்டரப்டுக்குள் இருந்தபடியே வார்னிங் அடிக்கிறது, உடனே லூப் கெடுவைத் தவறவிடுகிறது. எங்கள் லீட் "கன்சோலையே எடுத்துடு" என்கிறார். எடுத்துவிட்டால் நாளைக்கு போர்டு ஹேங் ஆகும்போது எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது?

நிகழ்நேரன்:
உங்கள் லீட் சொல்வது பாதி சரி. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட், ஸ்டாப் பிட் சேர்த்து எழுத்துக்கு 10 பிட். 115200 பாட்டில் வினாடிக்கு 11,520 எழுத்து. 80 எழுத்துள்ள ஒரு வரி வெளியேற ஏறக்குறைய 7 மில்லி வினாடி. அத்தனை நேரமும் அந்த சிபியு இன்டரப்டை அணைத்துவிட்டு, "காலியாச்சா, காலியாச்சா" என்று போர்ட்டின் ரெஜிஸ்டரையே பார்த்துக்கொண்டு நிற்கும். ஒரே வரிக்கு 7 கெடு காலி.

இதைவிட மோசம், அந்தச் செய்தி உங்களுடையதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. கன்சோல் லாக் (ஒரு நேரத்தில் ஒருவர்தான் கன்சோலில் எழுதலாம் என்ற பூட்டு) யார் கையில் சிக்குகிறதோ, அந்த சிபியு மற்ற சிபியுக்கள் செய்திப் பஃபரில் போட்டதையும் சேர்த்துத் தள்ள வேண்டும். பஃபரின் வழக்கமான அளவு 128 கேபி. அது நிரம்பியிருந்தால் முழுவதையும் அனுப்ப 11 வினாடிக்கு மேல் ஆகும். 9600 பாட் என்றால் 2 நிமிடத்தைத் தாண்டும். இதில் சிக்கிய சிபியுவைப் பார்த்து, தொங்கும் சிபியுவைக் கண்காணிக்கும் கெர்னல் வாட்ச்டாக் "சாஃப்ட் லாக்கப்" என்று புகார் சொல்லும். அந்தப் புகாரும் அதே போர்ட் வழியாகத்தான் வர வேண்டும்!

2018-ல் 4.16 பதிப்பில் கெர்னல் டெவலப்பர் ஸ்டீவன் ரோஸ்டட் ஒரு ஏற்பாடு செய்தார். அடுத்து பிரிண்ட்கே (கெர்னல் செய்தி அச்சிடும் ஃபங்ஷன்) கூப்பிடும் சிபியு வரிசையில் நின்று, பொறுப்பைக் கைமாற்றி வாங்கிக்கொள்ளும். சுமை பங்கு பிரிந்தது, குறையவில்லை. செய்தி அனுப்புவதைத் தனி த்ரெட்டிடம் விட்டுவிடுவதுதான் வழி.

கடைசிவரி:
கணக்கெல்லாம் சரி. கன்சோல் எதற்காக இருக்கிறது என்பதை மறந்துவிட்டீர்கள். மெஷின் செத்தபின் பார்ப்பதற்குத்தான் கன்சோல். பஃபரில் உட்கார்ந்தபடியே செத்துப்போன செய்தியை யார் படிப்பது?

த்ரெட் என்றால் ஷெட்யூலர் (எந்த வேலை எப்போது ஓடும் என்று முடிவு செய்வது) அதை எழுப்ப வேண்டும். ஷெட்யூலரே தொங்கிவிட்டால்? சிபியு ஏதோ ஒரு ரெஜிஸ்டரைப் படிக்கப் போகிறது, அந்தப் பக்கம் கிளாக் அணைந்திருக்கிறது, பஸ்ஸிலிருந்து (சிப்புக்குள் தகவல் போகும் பாதை) பதிலே வராது. அங்கே பேனிக்கும் (கெர்னல் கைவிட்டு நிற்பது) கிடையாது, ஊப்ஸும் (கெர்னலின் பிழை அறிக்கை) கிடையாது. கடைசியாக வந்த வரி "இந்த டிரைவர் தொடங்குகிறது" என்று இருந்தால் அரை மணியில் குற்றவாளியைப் பிடிக்கலாம். அந்த வரி த்ரெட்டுக்காகக் காத்துக்கொண்டிருந்தால் ஒரு வாரம் போகும்.

இதே த்ரெட் யோசனையை 2022-ல் 5.19-க்குள் கொண்டுவந்தார்கள். வெளியீட்டுக்கு முன்பே திரும்ப எடுத்தார்கள். சும்மாவா எடுத்தார்கள்?

நிகழ்நேரன்:
எடுத்ததற்குக் காரணம் நீங்கள் சொல்வது இல்லை. கன்சோல் லாக் இத்தனை வருடமும் டிரைவர்களை ஒன்றோடொன்று மோதாமலும் காத்துவந்திருக்கிறது. கன்சோலுக்கு ஒரு த்ரெட் என்று பிரித்ததும் அது வெளியே தெரிந்தது. சிக்கல் பூட்டில். த்ரெட் என்ற யோசனை அப்படியேதான் நிற்கிறது.

அதனால்தான் பூட்டையே மாற்றினார்கள். ஜான் ஆக்னெஸ் எழுதிய லாக் இல்லாத ரிங் பஃபர் 5.10-லேயே வந்துவிட்டது. அதன்மேல் என்பிகான் என்ற புதுவகைக் கன்சோல். அதில் உரிமைக்கு மூன்று படிகள். சாதாரணச் செய்தி த்ரெட்டுக்குப் போகும். வார்ன் (எதிர்பாராத நிலை என்ற கெர்னல் அறிக்கை, வெறும் வார்னிங் வரி அல்ல), ஊப்ஸ் வந்தால் அந்த சிபியு அங்கேயே நின்று உடனே அச்சிடும். பேனிக் என்றால் இன்னொரு சிபியு பாதி வரியில் இருந்தாலும் அதனிடமிருந்து கன்சோலைப் பிடுங்கிக்கொள்ளும். த்ரெட் 6.12-ல் வந்தது, அதே 6.12-ல்தான் பிரீம்ப்ட் ஆர்டியும் (லினக்ஸை நிகழ்நேர வேலைக்கு ஏற்றதாக்கும் அமைப்பு) மெயின்லைனுக்குள், அதாவது அதிகாரப்பூர்வக் கெர்னலுக்குள், நுழைந்தது. அதற்குக் கடைசி முட்டுக்கட்டையே பிரிண்ட்கேதான்.

கடைசிவரி:
நான் சொன்ன பஸ் தொங்கலில் வார்னும் இல்லை, பேனிக்கும் இல்லை. உங்கள் மூன்று படியில் அது எந்தப் படி?

நிகழ்நேரன்:
சாதாரணப் படி. அந்த ஒரு நிலைமையில் வரி போய்விடலாம், இல்லையென்று சொல்லவில்லை. டிரைவரை முதன்முதலில் எழுப்பும் டெவலப்மென்ட் மேசையில்தான் அது நடக்கும். அங்கே உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் மோட்டார்மேல் அந்தச் செலவை ஏற்றாதீர்கள்.

கடைசிவரி:
மேசையில் மட்டும்தான் பஸ் தொங்கும் என்று ஹார்டுவேர் எழுதிக் கொடுத்திருக்கிறதா?

அடுத்தமேசை:
இரண்டு பேரும் ஏன் சீரியலிலேயே தொங்குகிறீர்கள்? ராம்ஊப்ஸ் போடுங்க பாஸ். ராமில் ஒரு துண்டை ஒதுக்கி, அதில் கன்சோல் பகுதியையும் திறந்துவிட்டால் வரி வரியாக அங்கே பதிவாகும். ரீசெட் ஆகி எழுந்தபின் பிஸ்டோரில் (அந்தப் பதிவைக் கோப்பாகக் காட்டும் இடம்) படித்துக்கொள்ளலாம். ராமில் எழுத 7 மில்லி வினாடி ஆகாது. சீரியலை லாக்லெவல் (எவ்வளவு முக்கியமான செய்தி வெளியே போகலாம் என்ற எல்லை) 4-க்கு இறக்குங்கள். வார்னிங்கின் எண்ணே 4. அதற்குக் கீழே எண் உள்ள, அதைவிடக் கடுமையான செய்திகள் மட்டும்தான் வெளியே போகும்.

நிகழ்நேரன்:
ராம்ஊப்ஸ் நல்ல யோசனை. ஆனால் லாக்லெவல் 6.12-ல் எல்லாக் கன்சோலுக்கும் பொது. சீரியலுக்கு மட்டும் இறக்க முடியாது. இறக்கினால் ராம்ஊப்ஸின் கன்சோல் பகுதிக்கும் அந்த வார்னிங் போகாது. பேனிக் ஆனால் பஃபரின் கடைசிப் பகுதி தனியாகப் பிஸ்டோருக்குப் போய்விடும். பேனிக்கே இல்லாமல் தொங்கினால் கடைசிவரி கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறது.

கடைசிவரி:
நன்றி, எனக்காக நீங்களே வாதாடிவிட்டீர்கள். இன்னொன்றும் இருக்கிறது. ராம்ஊப்ஸ் கன்சோலும் பழைய வகைதான். பழைய வகைக் கன்சோல் எல்லாம் ஒரே வரிசை. ஆளுக்கு ஒரு வரி என்று சுற்றி வரும். வேகமான ராம் மெதுவான சீரியலுக்காகக் காத்து நிற்கும். அகலச் சாலையில் மாட்டுவண்டிக்குப் பின்னால் மாட்டிய பஸ் மாதிரி. ராம்ஊப்ஸ் வேண்டுமென்றால் சீரியலைப் பதிவுசெய்யாமலே விட வேண்டும். இது லீட் சொன்னதற்குப் பக்கத்தில் போகிறது, எனக்குப் பிடிக்கவில்லை, ஆனாலும் உண்மை.

திருகாணி:
கொஞ்சம் நிறுத்துங்கள். என் டிரைவர் என்பிகானா பழைய வகையா என்று எப்படிப் பார்ப்பது?

நிகழ்நேரன்:
/ப்ராக்/கன்சோல்ஸ் கோப்பைப் படியுங்கள். அடைப்புக்குறிக்குள் கொடிகள் வரும். "என்" என்ற பெரிய எழுத்து இருந்தால் என்பிகான்.

திருகாணி:
பார்த்தேன். இ, சி, சின்ன பி. அவ்வளவுதான், "என்" இல்லை. டிரைவர் சிப் தயாரிப்பாளர் கொடுத்தது. ஆர்டியும் போடவில்லை.

கடைசிவரி:
ஆக இத்தனை நேரம் பேசிய த்ரெட், மூன்று படி எதுவும் தம்பியின் போர்டில் இல்லை. கூப்பிட்ட இடத்திலேயே அச்சாகிறது. எனக்கு வேண்டியது ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டிருக்கிறது.

நிகழ்நேரன்:
அதனால்தானே லூப் தவறுகிறது! திருகாணி, ஆர்டியை ஆன் செய்தால் பழைய வகைக் கன்சோலையும் கெர்னல் ஒரு தனி த்ரெட்டுக்கு மாற்றிவிடும். பேனிக்கில் மட்டும் நேராக அச்சிடும். டிரைவரைத் தொடவே வேண்டாம்.

அடுத்தமேசை:
வார்னிங்கை ரேட் லிமிட் செய்தாலே போதுமே?

நிகழ்நேரன்:
வழக்கமான வரம்பு 5 வினாடிக்கு 10 செய்தி. பத்தும் ஒன்றாக வந்தால் 70 மில்லி வினாடி. போதாது. டிஃபர் செய்யும் பிரிண்ட்கேயும் உதவாது, அது அதே சிபியுவில் கொஞ்சம் தள்ளி இன்னொரு இன்டரப்டில் அச்சிடும், அவ்வளவுதான். இன்டரப்டுக்குள் அச்சிடுவதை நிறுத்தி, ஒரு எண்ணியை மட்டும் ஏற்றுங்கள். யூசர் ஸ்பேஸ் அதைப் படித்து லாக் எழுதட்டும்.

கடைசிவரி:
இதில் ஒத்துப்போகிறேன். லூசான கேபிள் எதிர்பார்த்த நிலைமைதான், அதற்குக் கெர்னல் கத்தக்கூடாது. ஆர்டிக்கு முன்னால் ஒன்று செய்து பார் தம்பி. சென்சார் இன்டரப்டை 0-வது கோருக்குத் தள்ளு, லூப்பை வேறு ஒரு கோரில் தனிமைப்படுத்து. 0-வது கோர் நின்று அச்சிட்டால் அச்சிடட்டும். லூப் ஓடும் கோரிலிருந்து மட்டும் எந்த பிரிண்ட்கேயும் போகக்கூடாது, போனால் மேலே சொன்ன கைமாற்றலில் அதுவும் மாட்டிக்கொள்ளும்.

திருகாணி:
கோர் பிரிப்பதை இன்று செய்கிறேன். எண்ணிக்கும் பேட்ச் போடுகிறேன். ஷிப் ஆகும் போர்டில் சீரியலா ராம்ஊப்ஸா என்பதை லீடிடம் பேச வேண்டும்.

கடைசிவரி:
பேசுவதற்கு முன்னால் ஒன்றைச் சோதித்துவிடு. ஹார்டுவேர் வாட்ச்டாக் ரீசெட்டில் உன் போர்டின் ராம் உள்ளடக்கம் தங்குகிறதா? பல பூட்லோடர்கள் மெமரியைத் தொடக்கத்திலேயே துடைத்துவிடும். அப்படியென்றால் ராம்ஊப்ஸ் பேச்சே கிடையாது, சீரியல் பின்னை பிசிபியில் விட்டுவைக்கச் சொல்.