கருப்பை என்.கே. செல்: ‘கொல்லணு’ என்று எழுதலாமா?

குழுவினருக்கு வணக்கம். தொடர் கருச்சிதைவுக்கு ஆளான பெண்களுக்கான விளக்கக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. அதில் வரும் என்.கே. (நேச்சுரல் கில்லர்) செல் என்னும் வெள்ளணுவுக்கு ‘இயற்கைக் கொல்லணு’ என்று எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. 1975இல் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தார், எலியின் மண்ணீரலில் புற்றணுக்களை அழித்த அணுக்களுக்கு இட்ட பெயர் அது. கருப்பையிலுள்ள அவற்றின் உறவணுக்களோ, கருவுற்ற தொடக்க வாரங்களில் உட்படலத்து வெள்ளணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடாகப் பெருகி, சுருள் தமனிகள் அகன்று நஞ்சுக்கொடிக்குக் குருதி தாராளமாகப் பாயத் துணைநிற்கின்றன. அவற்றின் கொல்லும் ஆற்றல் மிகக் குறைவு. மும்முறை கருவை இழந்தவள் ‘கருப்பைக் கொல்லணு’ என்று படித்தால், தன் உடலே பிள்ளையைக் கொன்றதாகத்தான் எடுத்துக்கொள்வாள். ‘கருப்பைக் காப்பணு’ எனலாமா?

மறுமொழி: அம்மா, ‘கொல்’ என்னும் வேரைக் கைவிட வேண்டியதில்லை. அதற்கு உலோகத்தொழில் என்ற பொருளும் உண்டு. கொல்லன், கொல்லுலை என்பவை அவ்வழி வந்தவை. புறநானூற்றின் 95ஆம் பாட்டில் ஔவையார் சொல்லும் ‘கொற்றுறை’ கொல்லனது பட்டறையே. தமனிச் சுவரை நெகிழ்த்து உருமாற்றும் அணுவுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. நஞ்சுக்கொடி என்ற பெயரைக் கேட்டு எந்தத் தாயும் அஞ்சியதில்லையே.

மறுமொழி: ஐயா, நஞ்சுக்கொடி தலைமுறைகளாகப் புழங்கிப் பழகிய சொல், கொல்லணுவைப் படிப்பவளுக்குச் சங்கப் பாட்டு நினைவுக்கு வராது. மருத்துவராக எனக்குக் ‘காப்பணு’விலும் தயக்கம் உண்டு. கருச்சிதைவில் இவற்றின் பங்கு இன்னும் உறுதிப்படவில்லை. இரத்தத்திலுள்ள எண்ணிக்கை கருப்பையின் நிலையைக் காட்டுவதுமில்லை. ஐரோப்பிய மனித இனப்பெருக்கக் கழகமும் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலில், என்.கே. செல் சோதனையைப் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே கூறியது. ஆனாலும் சோதனைச் சீட்டில் ‘என்.கே. செல்’ என்று அச்சாகி வருகிறது. சீட்டுக்கும் கையேட்டுக்கும் பெயர் வேறுபட்டால், இவ்வணுக்களை அடக்கவெனத் தரப்படும் வீண் ஸ்டீராய்டு சிகிச்சையைப் பற்றி நாம் எழுதும் எச்சரிக்கை அவளுக்குச் சென்று சேராது. ‘கருப்பை என்.கே. அணு’ என்றே வைத்துக்கொண்டு, அதன் பணியை அடுத்த வரியில் விளக்கலாம்.

மறுமொழி: நன்றி, டாக்டர். நேற்றிரவு வரை எழுதியவர்களில் பெரும்பாலோர் இதையே ஒப்பியிருப்பதால், அவ்வாறே அச்சுக்கு அனுப்புகிறேன்.

மறுமொழி: அனுப்புங்கள் அம்மா, என் மறுப்பு மட்டும் பதிவாகட்டும். இரண்டு ஆங்கில எழுத்துகளை நான் கலைச்சொல்லாக ஏற்கமாட்டேன். அவற்றின் விரிவு என்னவென்று அந்தப் பெண் செவிலியரிடம் கேட்டால், அவர் எந்தச் சொல்லைச் சொல்வார்?