கண்புரை ஆபரேஷன்: அம்மாவுக்கு எந்த லென்ஸ் வைக்கலாம்?

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது, சர்க்கரையும் உண்டு. மோனோஃபோகலா (ஒரே தூரத்துக்கு மட்டும் தெளிவாகத் தெரியும் லென்ஸ்), மல்டிஃபோகலா (தூரம், பக்கம் இரண்டுக்கும் தெரியும் லென்ஸ்) என்பதை டாக்டர் எங்களிடமே விட்டுவிட்டார். என்ன செய்யலாம்?

பதில் 1: முதலில் விழித்திரையைப் பரிசோதித்துவிடுங்கள். சர்க்கரையால் அதில் பாதிப்பு இருந்தால் மல்டிஃபோகல் பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள், ஏனென்றால் அது வெளிச்சத்தைத் தூரத்துக்கும் பக்கத்துக்கும் பிரித்துவிடுவதால் கான்ட்ராஸ்ட் (வெளிச்சத்தையும் நிழலையும் பிரித்துப் பார்க்கும் தெளிவு) குறையும், இரவில் விளக்கைச் சுற்றி வளையமும் தெரியலாம்.

பதில் 2: என் மாமனாருக்கு மோனோஃபோகல்தான். தூரம் பளிச்சென்று தெரிகிறது, பேப்பர் படிக்க மட்டும் கண்ணாடி. விலை குறைவு என்று தயங்காதீர்கள், மதுரை ஆரோலேப் நிறுவனம் 1992இலிருந்து குறைந்த விலையில் லென்ஸ் தயாரிக்கிறது.

பதில் 3: சிலிண்டர் பவர் (கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் வரும் மங்கல்) இருந்தால், அதைச் சரிசெய்யும் டோரிக் லென்ஸ் பற்றியும் கேளுங்கள்.

கேட்டவர்: அம்மா பூ கட்டுபவர், கிட்டப் பார்வைதான் முக்கியம்.

பதில் 1: அப்படியானால் மோனோஃபோகலையே கிட்டப் பார்வைக்கு ஏற்ற பவரில் வைக்கலாம். தூரத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளட்டும். டாக்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.