துருவக் கடலுக்குப் போய் வந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போலாரிஸ் கணக்கில் ஒரு சந்தேகம்

காக்காமார்களே, அண்ணன்மார்களே, லீவில் கீழக்கரையில் இருக்கிறேன். அடுத்து ஏறப்போகும் கப்பல் கோடையில் ஆர்க்டிக்கில் இருக்கும் ஸ்வால்பார்ட் தீவுகள் பக்கம் போகிறது. ஐஸ் கிளாஸ் இல்லாத, அதாவது பனியில் ஓடத் தனியாக உறுதிப்படுத்தாத கப்பல்.

துருவக் கடலில் ஓடும் கப்பல்களுக்கான, 2017 முதல் அமலில் உள்ள போலார் கோடு என்ற விதித்தொகுப்பைப் படித்துவிட்டேன். பனிக்கட்டி மிதக்கும் கடலில் கப்பல் நுழையலாமா என்று பார்க்கும் போலாரிஸ் கணக்கும் புரிகிறது: ஒவ்வொரு வகைப் பனியும் கடல் பரப்பில் பத்தில் எத்தனை பங்கு என்று பார்த்து, நம் கப்பலுக்கு அந்த வகைக்குரிய மதிப்பால் பெருக்கிக் கூட்ட வேண்டும். பனியில்லாத நீருக்கு 3, தடித்த பழைய பனிக்கு மைனஸ். மொத்தம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் எங்கள் மாதிரிக் கப்பல் வழக்கம்போல் உள்ளே நுழையக் கூடாது. சரி.

இடிப்பது இங்கேதான். ஒன்பது பங்கு திறந்த நீர் என்றாலே 27 வந்துவிடுகிறது. மீதி ஒரு பங்கு பழைய பனியாக இருந்தாலும் மொத்தம் பிளஸ்தான். ஆனால் கப்பல் முட்டப்போவது அந்த ஒரு பங்கில்தானே! அலை எழும்பினால் சின்னக் கட்டிகள் ரேடாரில் சரியாகத் தெரியாது என்கிறார்கள். போதாததற்கு, பனி வரைபடம் ஒரு பெரிய பரப்புக்கான சராசரி. காற்று திரும்பினால் பனி ஒரே பக்கம் ஒதுங்கிவிடும். பாம்பனில் கச்சான் காற்று, வாடைக் காற்று பார்த்து முடிவெடுக்கத் தெரியும், அங்கே தெரியாது.

நீங்கள் எந்த எண்ணை வைத்துக் கணக்குப் போடுவீர்கள், வரைபடத்தில் உள்ளதா, கப்பலை ஓட்டும் பிரிட்ஜிலிருந்து கண்ணால் பார்ப்பதா? கணக்கு பிளஸ் என்றாலும் எப்போது வேகத்தைக் குறைப்பீர்கள்? அப்புறம், கோடையில் இளகிய பனிக்கு மதிப்பைக் கூட்டிக்கொள்ள இடமுண்டே, இளகிவிட்டது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? வாய்ஸ் மெசேஜ் போட்டாலும் போதும்.