சதுக்கத்துச் சிலையும் தரையும்: எது முதல்ல போகுது, ஏன் போகுது?

(சதுக்க வேலை பார்க்குற நாலு பேர் பேசிக்கிட்டது. பேருக்குப் பதிலா ஊரும் தொழிலும் போட்டிருக்கு.)

கொழிஞ்சாம்பாறை சிவில்:
பழைய பஸ் ஸ்டாண்ட், சந்தைத் திடல் எல்லாம் சதுக்கமா மாறும்போது சிலைக்கு ஒரு டெண்டர், தரைக்கு வேற டெண்டர். ரெண்டும் சேர்ற இடத்துலதான் முக்கால்வாசிக் கோளாறு.

கான்கிரீட் சிலைன்னா இந்தப் பக்கம் உடனே கை காட்டுறது பாலக்காட்டுக்குப் பக்கத்துல மலம்புழா அணைத் தோட்டத்துல இருக்குற யட்சி சிலையைத்தான். கானாயி குஞ்ஞிராமன் 1969-ல் செஞ்சது, சுமார் 30 அடி, வெட்டவெளியில. அதைப் பார்த்துட்டு "கான்கிரீட் போதும்"னு எஸ்டிமேட் போட்டுடறாங்க. போதும்தான், கம்பி மேல கவர், அதாவது கம்பியை மூடுற கான்கிரீட் கனம், இருந்தா. நனைஞ்சு காய்ஞ்சு நனையுற இடத்துக்கு கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 கேக்குறது 45 மி.மீ. விரலுக்கும் துணி மடிப்புக்கும் அவ்வளவு எங்க கிடைக்கும்? கம்பி துருப்பிடிச்சு ஊதி, கான்கிரீட்டைப் பிளந்துடும். மெல்லிசான உறுப்புகளுக்கு மட்டுமாவது ஸ்டெயின்லெஸ் கம்பி எழுதி வாங்குங்க.

வெடிச்ச பிறகு பட்டி பூசிப் பெயின்ட் அடிச்சா அடுத்த மழைக்கே தெரியும். சின்னச் சுத்தியலால தட்டணும். பொத்துன்னு கேக்குற இடம் பூரா உடைச்சு, கம்பிக்குப் பின்னால 20 மி.மீ. வரைக்கும் தோண்டி, துருவைச் சுரண்டி, ஜிங்க் பிரைமர் அடிச்சு, அப்புறம் பாலிமர் மார்ட்டர். மேல ஈரச்சாக்கு.

வாளையார் ஃபேப்ரிகேஷன்:
இப்ப எந்தச் சதுக்கம் போனாலும் ஊர்ப் பேரை இரும்பு எழுத்துல நிறுத்தி, நடுவுல சிவப்பு இதயம். அழகைப் பத்தி நான் பேசல. அது மேல பத்துப் பேர் ஏறி போட்டோ எடுப்பாங்கன்னு கணக்குப் போட்டுச் செய்யணும், அதான்.

எழுத்தைத் தாங்குற அடித்தகடு, அதான் பேஸ் பிளேட், அதுக்கும் பீடத்துக்கும் நடுவுல 25 மி.மீ. விட்டு, அடி நட்டுல மட்டம் பார்த்து, சுருங்காத கிரவுட் (இடுக்கை நிரப்புற சிமென்ட் கலவை) ஊத்தணும். நாம போனதும் கிரானைட் பதிக்கிறவர் வந்து பிளேட்டு மேலேயே கல்லை ஏத்திடுவார். உள்ள இறங்குற தண்ணி வெளிய வராது, போல்ட் கழுத்துல அரிக்கும். வேலை முடிஞ்ச தரை மட்டத்தை விடப் பீடம் 50 மி.மீ. மேல நிக்கணும்னு டிராயிங்லயே போட்டுடுங்க. ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில 12 மி.மீ. ஓட்டை. மூடின பெட்டிக்குள்ள வேர்க்கும், அந்தத் தண்ணிக்கு வழி வேணும்.

இரும்புச் சட்டத்துல ஸ்டெயின்லெஸ் போல்ட் போட்டா நடுவுல நைலான் வாஷர், போல்ட்டைச் சுத்தி நைலான் உறை (புஷ்) ரெண்டும் கட்டாயம். இல்லேன்னா ரெண்டு உலோகமும் தொட்டு ஈரம் பட்டதும் இரும்பு அரிச்சுப்போகும்.

துரு நிறத்துலயே நிக்குற கோர்ட்டன் எஃகு இப்ப ஃபேஷன். முதல் ஒண்ணு ரெண்டு மழைக்காலம் ஆரஞ்சுத் தண்ணியா வடியும், வெள்ளைக் கிரானைட்ல பட்டா போகவே போகாது. சுத்தி ஒரு அடி அகலத்துக்கு ஜல்லிப் பட்டை விடுங்க.

கன்னியாகுமரி:
அண்ணே, கோர்ட்டனைக் கடற்கரைப் பக்கம் கொண்டு வந்துராதீங்க. நல்லாக் காய்ஞ்சாத்தான் அதோட துரு இறுகி உள்ள இருக்குற எஃகைக் காக்கும். உப்புக் காத்துல துரு படியாது, உரிஞ்சுக்கிட்டே இருக்கும். ஸ்டெயின்லெஸ்ஸும் இங்க 304 தரம் ஆகாது, 316 தரம் வேணும். அதையும் அப்பப்ப நல்ல தண்ணி விட்டுக் கழுவணும், இல்லேன்னா டீக்கறை மாதிரி புள்ளி விழும்.

கல்லுக்கும் உப்புதான் எதிரி. 2000 ஜனவரி 1-ல் திறந்த 133 அடி வள்ளுவர் சிலைக்குச் செய்யுற பராமரிப்பைப் பாருங்க. முதல்ல கழுவுறாங்க, இணைப்பை அடைக்குறாங்க, அப்புறம் ஈரக் காகிதக் கூழ் அப்புறாங்க. கூழ் காயக் காயக் கல்லுக்குள்ள இருக்குற உப்பு அதுக்கு ஏறிடும். அதை உரிச்ச பிறகுதான் சிலிக்கோன் பூச்சு. சின்ன ஊர்ச் சிலைகள்ல கூழை விட்டுட்டு நேரா பூச்சு அடிச்சா உப்பு உள்ளயே மாட்டி, கல் தோல் தோலாக் கழலும்.

செங்கோட்டை, தரை வேலை:
பேவர் பிளாக் 60 மி.மீ. போதும்னு சொல்லுவாங்க, ஏன்னா அது நடைபாதை. ஆனா திருவிழாவுக்கு ஜெனரேட்டர் லாரியும், கூட்டத்துக்கு மேடைச் சாமான் வண்டியும் அது மேலதானே வரும்? 80 மி.மீ., எம்40 (கான்கிரீட் பலத்தோட தரம்) வாங்குங்க. அடியில மணல் 30 மி.மீ., அதுக்கு மேல வேண்டாம். மட்டம் சரிக்கட்ட மணலைக் கூட்டிப் போட்ட இடம்தான் முதல்ல குழியும்.

தண்ணி ஓடுற வாட்டம் (சரிவு) ஐம்பதுக்கு ஒண்ணு, சிலையில இருந்து வெளிப்பக்கமா. பாலிஷ் கிரானைட் வேணவே வேணாம், ஜூன் மழையில வழுக்கி விழுவாங்க. தீயால சுட்டுச் சொரசொரப்பாக்கின ஃப்ளேம் ஃபினிஷ் கல் போடுங்க. உட்கார்ற திண்ணைக்குக் கறுப்புக் கல் எடுக்காதீங்க, சித்திரை வெயிலுக்கு ராத்திரி எட்டு மணி வரைக்கும் ஒருத்தரும் உட்கார மாட்டாங்க.

கொழிஞ்சாம்பாறை சிவில்:
தரை விளக்கையும் சேர்த்துக்குங்க. ஐபி67 (தூசியும் தண்ணியும் புகாத தரம்) எழுதினா மட்டும் பத்தாது, பெட்டிக்கு அடியில 300 மி.மீ. ஜல்லி போட்டு வடிகாலோட சேர்க்கணும். கேபிள் நுழையுற ஓட்டையை அடைக்குற கிளாண்டை இறுக்கிட்டுத்தான் பில் பாஸ் பண்ணணும்.