1835 டெக்சாஸ் ரேஞ்சர் கம்பெனிகள்: 168 பேரை எப்படித் திரட்டினார்கள்? எங்கே இடறியது?

ஏழாங்கட்டை:

எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் எங்கள் வாசிப்பு வட்டம் இந்த மாதம் எடுத்திருப்பது, மெக்சிகோவிடமிருந்து பிரிய நடந்த 1835-36 டெக்சாஸ் புரட்சி. அலமோ, சான் ஹசிந்தோ சண்டைகளைப் பற்றிப் பேச ஆள் இருக்கிறது. எனக்கு வந்த பங்கு, எல்லையைக் காக்கத் திரட்டிய குதிரை ரேஞ்சர் கம்பெனிகள். யார் உத்தரவில் ஆள் எடுத்தார்கள், 168 என்ற கணக்கு எங்கிருந்து வந்தது, சேர்கிற ஆள் கையோடு என்ன கொண்டுவர வேண்டும், ஏட்டில் இருந்த திட்டம் களத்தில் ஏன் தடுமாறியது? இந்த நான்கும் தெளிவானால் போதும்.

இன்னொன்று. பிள்ளைகள் வரைந்து வைத்திருக்கும் படத்தில் ரேஞ்சர் நெஞ்சில் நட்சத்திர பேட்ஜ், இடுப்பில் இரண்டு ரிவால்வர். அது சரிதானா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய செக்ரோல்:

வணக்கம் தம்பி. முதலில் உத்தரவைப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றது பின்னாலேயே வரும். உத்தரவு இரண்டு. அவற்றை ஒன்றாகக் குழப்புவதுதான் பலரும் செய்கிற தவறு.

முதல் உத்தரவு 1835 அக்டோபர் 17. சான் ஃபிலிப்பேயில் இருந்த தற்காலிக நிர்வாகக் குழுவில் டேனியல் பார்க்கர் கொண்டுவந்த தீர்மானம். மூன்று மேற்பார்வையாளர்கள். ப்ரசோஸ் ஆற்றுக்கும் டிரினிட்டி ஆற்றுக்கும் நடுவே சைலஸ் பார்க்கர், 25 பேர். டிரினிட்டிக்குக் கிழக்கே கேரிசன் கிரீன்வுட், 10 பேர். கொலராடோவுக்கும் ப்ரசோஸுக்கும் நடுவே டேனியல் ஃப்ரையர், 35 பேர். ஆக 70. (இந்தக் கொலராடோ டெக்சாஸுக்குள்ளேயே ஓடுகிற ஆறு. பெரிய பள்ளத்தாக்கு வழியாக ஓடுவது வேறு. கூட்டத்தில் யாராவது கண்டிப்பாகக் கேட்பார்கள்.) பிறகு காவல் வட்டத்தை மேற்கே குவாடலூப்பே ஆறு வரை நீட்டினார்கள்.

ஆற்றை எல்லையாக வைத்ததில் விவரம் உண்டு. அப்போது அந்தப் பக்கம் சர்வே கல் கிடையாது. தோட்டத்தில் ஓடையை வைத்து 'இந்தப் பக்கம் உன் நிரை, அந்தப் பக்கம் என் நிரை' என்று பிரிப்போமே, அதே முறைதான். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் ஒரு வட்டத்து ஆள் அடுத்த வட்டத்துக்கு உதவிக்குப் போக முடியாது என்பது அதில் இருந்த குறை.

இரண்டாவது உத்தரவு 1835 நவம்பர் 24. புரட்சியின் தற்காலிக அரசில் இருந்த பொதுக் கவுன்சில் போட்ட சட்டம். மூன்று கம்பெனி, கம்பெனிக்கு 56 பேர். உங்கள் 168 இதுதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேப்டன், முதல் லெப்டினன்ட், இரண்டாம் லெப்டினன்ட். மூன்றுக்கும் மேலே ஒரு மேஜர், மேஜருக்கு மேலே படைத் தலைவர். ஓராண்டுச் சேவை. கேப்டன்கள் ஐசக் பர்ட்டன், வில்லியம் ஆரிங்டன், ஜான் தம்லின்சன். மேஜராக வந்தவர் வக்கீல் ராபர்ட் வில்லியம்சன். இளவயதில் நோயால் ஒரு கால் முழங்காலோடு பின்னால் மடங்கி நின்றுவிட்டது, கட்டைக் கால் பொருத்தி நடந்தவர். 'மூன்று கால் வில்லி' என்றே ஊரெல்லாம் கூப்பிட்டது. அந்தக் காலோடு குதிரை ஏறி சான் ஹசிந்தோவிலும் போரிட்டார்.

சம்பளம் ஒரு நாளைக்கு 1.25 டாலர். பார்க்க நல்ல கூலி மாதிரி தெரியும். ஆனால் சம்பளம், சாப்பாடு, துணி, குதிரை வாடகை எல்லாம் அந்த 1.25-க்குள் அடக்கம். 168 பேருக்கு ஒரு நாளைக்கு 210 டாலர், முப்பது நாளைக்கு 6,300. இந்தப் பணம் கையில் இல்லாத அரசாங்கம் போட்ட சட்டம் இது. காகிதச் சீட்டைக் கொடுத்து 'பிறகு தருகிறோம்' என்பதே நடப்பு.

'டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்' என்று இன்று சொல்வதும் அப்போது சட்டப் பெயர் இல்லை. ரேஞ்சர், ரேஞ்சிங் கம்பெனி என்றுதான் எழுதினார்கள். அந்த வழக்கமும் புரட்சிக்கு முந்தியது. 1823-லேயே, அமெரிக்கக் குடியேறிகளை டெக்சாஸுக்கு அழைத்துவந்த ஸ்டீபன் ஆஸ்டின், குடியேற்றத்தைக் காக்கப் 10 பேரை ரேஞ்சராக அமர்த்தக் குறிப்பு எழுதியிருக்கிறார்.

கருமருந்துக் கொம்பு:

சேர்கிறவன் கொண்டுவர வேண்டியதைச் சட்டமே சொல்கிறது: நல்ல குதிரை, சேணம், கடிவாளம், கம்பளி, 100 முறை சுடுவதற்கு மருந்தும் குண்டும். எல்லாம் எந்த நேரமும் தயாராக இருக்க வேண்டும்.

அந்த '100 முறை' எவ்வளவு எடை என்று பார்த்தால்தான் திட்டம் புரியும். அரை அங்குலக் குழலுக்கான ஈய உருண்டை ஒன்று சுமார் 11.5 கிராம். நூறு உருண்டை 1.15 கிலோ. ஒரு தடவைக்கு 5 கிராம் கருமருந்து என்றால் நூறுக்கு அரைக் கிலோ. ஆக இரண்டு கிலோவுக்கும் குறைவு, ஒரு ஆள் தாராளமாகச் சுமப்பான். 56 பேருக்குக் கூட்டினால் ஈயம் 64 கிலோ, மருந்து 28 கிலோ. சுமக்க இது பெரிய பாரமில்லை. ஒவ்வொருவன் துப்பாக்கியும் ஒவ்வொரு அளவு என்பதுதான் சங்கடம். அவனவன் வீட்டிலிருந்து கொண்டுவந்த துப்பாக்கிக்கு அவனவன் குண்டு அச்சு. பக்கத்து ஆளின் குண்டு பெரிதாக இருந்தால் குழலில் இறங்காது, சிறிதாக இருந்தால் துணித் திண்டு பிடிக்காமல் குறி தப்பும். அதனால் பொதுக் கிடங்கில் உருட்டிய குண்டு வைத்துப் பயனில்லை. ஈயக் கட்டியாக வைத்து, தீ மூட்டி, அவனவன் அச்சில் ஊற்றிக்கொள்ள வேண்டும்.

துப்பாக்கி பெரும்பாலும் சிக்கிமுக்கிக் கல் வகை, ஒரு குண்டுதான். மருந்தை அளந்து கொட்டி, எண்ணெய்த் துணியில் குண்டைச் சுற்றி, கோலால் இறக்கி, கிண்ணியில் (கல்லின் பொறி விழும் சிறு தட்டு) பொடி மருந்து இட்டு மூட வேண்டும். கை தேர்ந்தவனுக்கும் அரை நிமிடத்துக்கு மேல், நீண்ட ரைஃபிளில் ஒரு நிமிடம்கூட ஆகும். அதற்குள் அந்த மண்ணின் பூர்வகுடியான கொமாஞ்சி வீரன் ஓடும் குதிரை மேலிருந்தே பல அம்புகளை விட்டுவிடுவான். ஓடுகிற குதிரையில் இருந்துகொண்டு இந்தத் துப்பாக்கியைக் கெட்டிப்பது நடக்காத காரியம். ஆகவே ரேஞ்சருக்குக் குதிரை போய்ச் சேரத்தான். சண்டைக்கு இறங்கி, மர மறைவில் நின்று, பாதிப் பேர் சுட்டால் பாதிப் பேர் கெட்டித்த துப்பாக்கியோடு காத்திருக்க வேண்டும். எல்லாரும் ஒன்றாகச் சுட்டுவிட்டால் அடுத்த நிமிடம் வெறுங்கை.

கல்லும் நம்பிக்கைக்குரியது இல்லை. முனை மழுங்கினால் பொறி வராது, பனியில் கிண்ணி மருந்து நமத்தால் பொறி விழுந்தும் பற்றாது, தீத்துளை அடைத்தால் கிண்ணி மட்டும் பற்றிக் குழல் வெடிக்காது. 1836 ஜனவரியில் தம்லின்சன் கம்பெனி செய்த முதல் வேலையே இதற்குச் சாட்சி. கொமாஞ்சிகளிடமிருந்து தப்பி, கொலராடோ கரையில் ஹார்ன்ஸ்பி குடியிருப்புக்கு வந்து விழுந்தாள் சாரா ஹிப்பின்ஸ். அவள் மகன் இன்னும் அவர்கள் கையில். ரேஞ்சர்கள் தடம் பிடித்துப் போய் முகாமைத் தாக்கினார்கள். எருமைத் தோலில் சுற்றிக் கோவேறு கழுதை மேல் கட்டியிருந்த சிறுவனை, எதிரி என்று நினைத்து ஒருவன் குறி வைத்தான். தட்டித் தட்டியும் துப்பாக்கி வெடிக்கவில்லை. பிள்ளை பிழைத்தது.

இப்போது உங்கள் படத்துக்கு வருகிறேன். ரிவால்வர் கிடையாது. ரிவால்வரைச் செய்த சாமுவேல் கோல்ட்டுக்கு அமெரிக்கக் காப்புரிமையே 1836 பிப்ரவரியில்தான் கிடைத்தது. ரேஞ்சர்கள் அந்த ரிவால்வரைச் சண்டையில் பயன்படுத்திப் பேர் எடுத்தது 1844-ல். பேட்ஜும் கிடையாது, சீருடையும் கிடையாது.

ஏழாங்கட்டை:

மிக்க நன்றி ஐயா, இருவருக்கும். குண்டு அச்சு விஷயம் நான் யோசிக்காதது. அப்படியென்றால் தடுமாறியதற்குக் காரணம் பணம் இல்லாததுதான் என்று சொல்லலாமா? நம் ஊருக்கு ஒப்பிட்டுச் சொன்னால் கேட்கிறவர்களுக்குப் பிடிபடும்.

ஓடைக்கரை:

பணம் மட்டும் என்று முடித்துவிடாதீர்கள் தம்பி. நம் ஊரை வைத்தே பார்க்கலாம். 1948 ஜூன் 16-ல் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுடப்பட்டு மலாயாவில் அவசரகாலம் வந்தபோது, தோட்டங்களுக்கு ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களைப் போட்டார்கள். அரசாங்கத் துப்பாக்கி, எல்லாருக்கும் ஒரே வகைத் தோட்டா, மாதச் சம்பளம், சொன்ன இடத்தில் காவல். டெக்சாஸில் இந்த நான்கில் ஒன்றும் இல்லை. அங்கே ஆயுதமும் குதிரையும் ஆளின் சொத்து. குதிரை செத்தாலோ களவு போனாலோ நஷ்டம் அவனுக்கு, கம்பெனிக்கு ஒரு காவலாள் குறைவு. ஆகவே எதிரிக்கு ரேஞ்சரைக் கொல்ல வேண்டிய அவசியமே இல்லை, இரவில் குதிரைகளை ஓட்டிக்கொண்டு போனால் போதும்.

குதிரைக்குத் தண்ணீர் ஒரு நாளைக்கு 20 முதல் 40 லிட்டர். 30 என்று வைத்தாலும் 56 குதிரைக்கு 1,680 லிட்டர். ஓடைக்கரையை விட்டு முகாம் போட முடியாது. அந்த ஓடையை எதிரிக்கும் தெரியும். புல்லை மட்டும் தின்கிற குதிரையைத் தினம் விரட்டினால் சில நாளில் எலும்பு தெரியும். மேய விட்டால் களவு, கட்டிப்போட்டால் பசி. முன்னங்கால் இரண்டையும் தோல்வாரால் பிணைத்து மேய விட்டு, இருட்டியதும் முளையடித்துக் கட்டி, முறை வைத்துக் காவல் நிற்பதுதான் நடுவழி. காவலுக்கு ஆறு பேர் விழித்தால் மறுநாள் அந்த ஆறு பேர் சேணத்திலேயே தூங்குவார்கள்.

பெரிய இடறல் அதிகாரத்தில். ஒரே நேரத்தில் வழக்கமான படை, தன்னார்வலர், ஊர் மிலிஷியா (ஊர்க்காரர்களே சேரும் காவல்படை), ரேஞ்சர் என்று நான்கு வாசலில் ஆள் எடுத்தார்கள். சிறிய ஜனத்தொகை, அதில் இத்தனை கங்காணிகள். மேலே கவர்னர் ஹென்றி ஸ்மித்தும் கவுன்சிலும் 1836 ஜனவரியில் ஒருவரையொருவர் நீக்கிக்கொண்டார்கள். வில்லியம்சன் யாருக்கு அறிக்கை எழுதுவார், யாரிடம் மருந்து கேட்பார்?

அடுத்து, ரேஞ்சர் எல்லைக்கா போருக்கா என்ற இழுபறி. பிப்ரவரியில் கொன்சாலெஸ் ஊரில் திரட்டிய ரேஞ்சிங் கம்பெனியை மையமாக வைத்து 32 பேர் மார்ச் 1 விடியுமுன் அலமோவுக்குள் போனார்கள். மார்ச் 6-ல் அத்தனை பேரும் மாண்டார்கள். ஊரைக் காக்க வேண்டிய ஆண்கள் அவர்கள். தம்லின்சன் ஆட்கள் பிரஷி ஓடையின் தலைப்பில் மரக்கோட்டை ஒன்று கட்டியிருந்தார்கள். மெக்சிகோ தளபதி சாந்தா ஆன்னாவின் படை உள்ளே வந்ததும் பின்வாங்கி, ஓடுகிற குடும்பங்களுக்குப் பின்காவலாக நிற்க உத்தரவு வந்தது. கோட்டை காலியானது, கொமாஞ்சிகள் எரித்தார்கள். தம்லின்சனும் அவருடைய லெப்டினன்ட்டும் தங்கள் குடும்பத்தைப் பார்க்கக் கிளம்ப, மேஜரே கம்பெனியை ஏற்க வேண்டி வந்தது. அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெண்டு பிள்ளை சேற்றில் நடக்கும்போது யார் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நிற்பார்கள்? குடும்பத்தை முதலில் பத்திரமான இடத்தில் வைக்க ஏற்பாடு செய்யாமல் அந்த ஊர் ஆளையே அந்த ஊர்க் காவலுக்குப் போட்டது திட்டத்தின் பிழை.

மே 19-ல் பார்க்கர் கோட்டையில் நடந்ததையும் சேருங்கள். சுற்றிலும் மரவேலி, உறுதியான கதவு. கதவு திறந்து கிடந்தது, ஆண்கள் பலர் வயலில். அப்போது பூர்வகுடி வீரர்கள் தாக்கினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள், அவர்களில் ஒருவர் 25 ரேஞ்சர்களுக்கு மேற்பார்வையாளராகப் போட்ட அதே சைலஸ் பார்க்கர். ஐந்து பேரைப் பிடித்துப் போனார்கள், அதில் அவர் மகள் சிந்தியா ஆன், சுமார் ஒன்பது வயது.

ஒரு வேண்டுகோள். இதை மறுபக்கத்திலிருந்தும் சொல்லுங்கள். கொமாஞ்சி, வேக்கோ, தவாக்கொனி மக்களுக்கு ரேஞ்சர் என்றால் தங்கள் வேட்டை நிலத்துக்குள் வந்தவன். 1835 ஜூலையில் ராபர்ட் கோல்மன் தலைமையில் போனவர்கள் தவாக்கொனி ஊர் ஒன்றைத் தாக்கியிருந்தார்கள். கிழக்கே வாழ்ந்த செரோக்கி பூர்வகுடிகளோடு டெக்சாஸ் தளபதி சாம் ஹூஸ்டன் 1836 பிப்ரவரியில் நில உடன்படிக்கை செய்தார். கிழக்கு எல்லை அமைதியாக இருந்ததில் அதற்குப் பங்கு உண்டு. புரட்சி முடிந்ததும் 1837-ல் டெக்சாஸ் செனட் அதை நிராகரித்தது. 1836 அரசியலமைப்பு அடிமை முறையைச் சட்டமாக்கியதும் இதே புரட்சியில்தான். தோட்டத்து மக்கள் நாம், இதை விட்டுவிட்டு வீரத்தை மட்டும் பேசக் கூடாது.

பழைய செக்ரோல்:

ஓடைக்கரை அண்ணன் சொன்ன அதிகாரக் குழப்பத்தை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எல்லாமே தோல்வி என்று கூட்டத்தில் சொல்லிவிடாதீர்கள். 1836 ஜூன் 3-ல் ஐசக் பர்ட்டனின் குதிரை ரேஞ்சர்கள் கொப்பானோ குடாவில் மெக்சிகோ படைக்குச் சரக்கு ஏற்றிவந்த 'வாட்ச்மேன்' கப்பலைப் பிடித்தார்கள். கரையில் சிலர் மட்டும் தெரிய நின்று சைகை காட்ட, கப்பலிலிருந்து படகு வந்தது. ஒளிந்திருந்தவர்கள் படகைப் பிடித்து, அதிலேயே ஏறிப் போய்க் கப்பலை எடுத்துக்கொண்டார்கள். அதே மாதம் அதே தந்திரத்தில் இன்னும் இரண்டு. மூன்றிலும் சேர்த்து சுமார் 25,000 டாலர் சரக்கு, பட்டினி கிடந்த டெக்சாஸ் படைக்குப் போனது. மேலே சொன்ன 6,300-ஐ இதோடு வைத்துப் பாருங்கள்: 168 பேரின் நான்கு மாதச் சம்பளம்.

கருமருந்துக் கொம்பு:

பிள்ளைகள் படத்தைக் கிழிக்க வேண்டாம். பேட்ஜையும் ரிவால்வரையும் அழித்து, கையில் ஆள் நெஞ்சு உயர நீண்ட துப்பாக்கி, வலப்பக்கம் தொங்கும் மாட்டுக்கொம்பு, தோல்பை, சேணத்துக்குப் பின்னால் சுருட்டிய கம்பளி வரையச் சொல்லுங்கள். கொம்பின் குறுகிய முனையில் மரத்தக்கை அடைத்திருக்க வேண்டும், திறந்த மாதிரி வரைந்தால் மருந்து நமத்துவிடும். சட்டை ஆளுக்கு ஒரு நிறம். குதிரையின் முன்னங்கால் பிணைப்பை மறக்காதீர்கள், ஆனால் ஆள் மேலே உட்கார்ந்திருக்கும்போது வரையக் கூடாது.