மூன்று மடங்கு விலை கொடுத்து ஒரு பூட்ஸா, மலிவாக அடிக்கடி வாங்குவதா? சேஃப்டி ஷூ தகராறு

புதுவேலை:
ஃபேப்ரிகேஷன் ஷெட்டில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். பெரும்பாலும் கிரைண்டிங், அவ்வப்போது வெல்டிங், மற்ற நேரமெல்லாம் பிளேட்டும் ஆங்கிளும் தூக்கி இறக்குவது. ஷூ நாமேதான் வாங்க வேண்டும், ஸ்டீல் டோ, அதாவது விரல் முனையில் இரும்புக் கவசம், கட்டாயம். கூட வேலை செய்கிற ஒருவர், சோல் தைத்த முழுத்தோல் பூட்ஸ்தான் வாங்கு, மூன்று மடங்கு விலை ஆனாலும் பரவாயில்லை என்கிறார். இன்னொருவர், மலிவாக ஒன்றை வாங்கு, தேய்ந்ததும் தூக்கிப் போடு என்கிறார். என் நிலைமைக்கு அந்த மூன்று மடங்கு கொஞ்சம் கடிக்கும். நாள் முழுக்க நிற்கிற வேலை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யார் சொல்வதைக் கேட்பது?

நெருப்புப்பொறி:
முதலாமவர் சொல்வதைக் கேளுங்கள். வெல்டிங், கிரைண்டிங் என்றாலே காலில் பொறி விழும். மலிவு ஷூவில் பாதி செயற்கைத் தோல், மீதி துணி. பொறி பட்டால் ஓட்டை. சோல் பியூ, அதாவது பாலியூரித்தேன். சூடான துண்டை மிதித்தால் இளகிப் பள்ளம் விழும். நைட்ரைல் ரப்பர் சோல் அப்படியில்லை. முத்திரையில் ஹெச்ஆர்ஓ என்று இருந்தால், 300 டிகிரி சூட்டில் ஒரு நிமிடம் வைத்துச் சோதித்த சோல் என்று பொருள். தைத்த பூட்ஸில் பெரும்பாலும் ரப்பர் சோல்தான் வரும். அது தேய்ந்தால் சோலை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். கணக்குப் போட்டால் எது மலிவு என்று தெரியும்.

கிடங்குக்கணக்கு:
கணக்கைத்தான் நானும் போடுகிறேன், ஆட்களுக்கு ஷூ வாங்கிக் கொடுப்பது என் வேலை என்பதால். ஐஎஸ்ஓ 20345, அதாவது சேஃப்டி ஷூவுக்கான சர்வதேசத் தர முத்திரை உள்ள எந்த ஷூவாக இருந்தாலும் முனை 200 ஜூல் மோதலையும் 15 கிலோநியூட்டன் அழுத்தத்தையும் தாங்கியாக வேண்டும். 200 ஜூல் என்றால் 20 கிலோ எடை ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். மூன்று மடங்கு விலை கொடுத்தால் அது 600 ஜூல் ஆகாது. விரலுக்குப் பாதுகாப்பு இரண்டிலும் ஒன்றுதான்.

அப்புறம் அந்த சோல் மாற்றும் கதை. ஃபேப்ரிகேஷனில் எந்த ஷூ சோல் தேய்ந்து சாகிறது? முட்டி போட்டு வேலை செய்யும்போது முனைத்தோல் தரையில் உரசி உரிந்து இரும்பு வெளியே தெரியும். இல்லையென்றால் மேல்தோல் பொறி பட்டுக் கருகி, மடிப்பில் கிழியும். மேல்பாகம் போன பிறகு புது சோல் போட்டு யாருக்கு லாபம்? நாளெல்லாம் நடக்கிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தும், இவருக்குப் பொருந்தாது.

நெருப்புப்பொறி:
முனை உரசுவதற்கு வழி இருக்கிறது. முனையின் மேல் ரப்பர் கவசம் ஏறி வருகிற மாதிரி மாடல் வாங்குங்கள், இல்லையென்றால் முனைக்கென்றே விற்கிற பூச்சு தடவுங்கள். 200 ஜூல் சான்றிதழ் புது ஷூவைச் சோதித்துக் கொடுப்பது. ஆறு மாத வேலைக்குப் பிறகு சோல் வாயைப் பிளக்குமா பிளக்காதா என்பதற்கு அதில் பதில் இல்லை. மலிவு ஷூவில் முதலில் போவது அந்த ஒட்டுத்தான்.

சோல்மாற்றி:
ஷூ ரிப்பேர்தான் என் தொழில். இருவர் பேச்சிலும் ஒரு விஷயம் விட்டுப்போகிறது.

சோல் பெரும்பாலும் மூன்று விதமாகச் சேர்கிறது. ஒன்று, பசை போட்டு ஒட்டுவது. இரண்டாவது, அச்சுக்குள் மேல்பாகத்தை வைத்து பியூவை நேரடியாக ஊற்றி இறுக வைப்பது. இதை இன்ஜெக்டட் சோல் என்பார்கள். நடுத்தர விலையில் கிடைப்பது பெரும்பாலும் இதுதான். ஒட்டுப் பிரிவது குறைவு, ஆனால் தேய்ந்தால் மாற்ற முடியாது. மூன்றாவது குட்இயர் வெல்ட் (வெல்டிங் இல்லை, தைக்கும் முறை): மேல்பாகத்தைச் சுற்றி ஒரு தோல் பட்டை தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தைப்பது. எளிதாக மாற்ற முடிவது இதில்தான்.

தையல் கண்ணில் தெரிந்தாலே வெல்ட் என்று முடிவு கட்டாதீர்கள். ஒட்டிய சோலின் ஓரத்தில் அழகுக்கு நூல் ஓட்டியிருப்பார்கள், இல்லையென்றால் அச்சிலேயே தையல் போல வடித்திருப்பார்கள். பட்டையில் தெரிகிற நூல் ஒரு தனி வரிசையாகச் சுற்றி வர வேண்டும். சோலைத் திருப்பினால் அடியில் பள்ளம் வெட்டி அதே நூல் ஓடியிருக்கலாம். சில சோலில் அது மூடியிருக்கும், அங்கே கடைக்காரரைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இன்னொன்று. பியூ சோல் சும்மா பெட்டியில் கிடந்தாலும் கெடும். காற்றிலுள்ள ஈரம் பட்டு உள்ளுக்குள்ளேயே உடையும், அதற்கு ஹைட்ராலிசிஸ் என்று பெயர். வெளியே புதுசாகத் தெரியும், போட்டு நடந்தால் நமத்த பிஸ்கட் மாதிரி உதிரும். பழைய ஸ்டாக்கைத் தள்ளுபடி விலையில் விற்கும்போது இதை யாரும் சொல்வதில்லை. முத்திரை இருக்கிற இடத்திலேயே, பெரும்பாலும் நாக்கின் உள்பக்கம், தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். அதைப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

கிடங்குக்கணக்கு:
சோல்மாற்றி அண்ணே, அந்தத் தேதி விஷயம் நூற்றுக்கு நூறு. நான் பெட்டியில் இருக்கிற தேதியை நம்புவதில்லை, ஷூவுக்குள்தான் பார்ப்பேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். சேஃப்டி ஷூவின் சோலை நீங்கள் மாற்றிக் கொடுத்தால் அதன் சான்றிதழ் என்ன ஆகும்?

சோல்மாற்றி:
வேறு சோல் போட்டால் அது சோதித்த ஷூ இல்லை. தயாரித்தவரே அதே சோலை மாற்றிக் கொடுத்தால் கவலை இல்லை. என்னைப் போல வெளியில் செய்கிறவரிடம் கொடுத்தால் வழுக்காத தன்மை, எண்ணெய் தாங்குவது எல்லாம் நான் போடுகிற சோலைப் பொறுத்தது. முனை அப்படியேதான் இருக்கும். பாதுகாப்பு அதிகாரி கேள்வி கேட்கிற இடத்தில் வேலை என்றால், வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

நெருப்புப்பொறி:
சரி, தயாரித்தவரிடமே அனுப்பலாம் என்றுதானே முடிகிறது. அதற்கென்ன.

கிடங்குக்கணக்கு:
அனுப்பிவிட்டுத் திரும்பி வரும் வரை வெறுங்காலோடு கிரைண்டிங் செய்வாரா? இன்னொரு ஜோடி வேண்டும். இப்போது விலை மூன்று மடங்கில் நிற்கவில்லையே.

லேசுகால்:
இரண்டு பேரும் இரும்பை விட்டு வெளியே வரவே மாட்டீர்களா? காம்போசிட் முனையும், அதாவது உலோகமில்லாத முனையும், அதே 200 ஜூல் சோதனையைத்தான் தாண்டுகிறது. எடை குறைவு, குளிர் ஏறாது, மெட்டல் டிடெக்டரில் கத்தாது. நின்றுகொண்டே வேலை என்கிறார். சாயங்காலம் கால் சொல்லும், எடை குறைந்த ஷூவின் அருமையை.

நெருப்புப்பொறி:
அதே வலு வர காம்போசிட் முனையைத் தடிமனாகச் செய்ய வேண்டும், முனை உருண்டு பெருத்து நிற்கும். குனிந்து முட்டி போடுகிற வேலையில் அது இடைஞ்சல். தவிர, பெரிய அடி ஒன்று விழுந்தால் இரும்பு நசுங்கியது பார்த்தாலே தெரியும். காம்போசிட் உள்ளே விரிசல் விட்டிருந்தால் வெளியே தெரியாது.

லேசுகால்:
நசுங்கின இரும்பையும் தூக்கித்தான் போட வேண்டும். பெரிய அடி பட்ட ஷூவைத் தெரிகிறதோ தெரியவில்லையோ மாற்று, அவ்வளவுதான் விதி. உருண்டு நிற்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

புதுவேலை:
இடையில் ஒரு சந்தேகம். கனமான பொருள் விழுந்தால் ஸ்டீல் முனை மடங்கி விரலையே வெட்டிவிடும், அதற்கு சாதா ஷூவே மேல் என்று ஷெட்டில் பேசிக்கொள்கிறார்கள். உண்மையா?

கிடங்குக்கணக்கு:
எல்லா ஷெட்டிலும் இந்தப் பேச்சு உண்டு. சோதனையில் முனை உடைகிறதா என்பதை மட்டும் பார்ப்பதில்லை. 200 ஜூல் அடி விழுந்த பிறகும் உள்ளே விரலுக்கு இடம் மிச்சம் இருக்க வேண்டும், 42 சைஸில் 14 மில்லிமீட்டர். அந்த முனையையே தட்டையாக்குகிற எடை விழுந்தால், முனை இல்லாத ஷூவுக்குள் இருக்கிற விரல் என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன்: எண்ணைச் சரியாகப் படியுங்கள். 20345 என்றால் 200 ஜூல். 20346 என்றால் 100 ஜூல்தான். 20347 என்றால் முனைப் பாதுகாப்பே இல்லை. "ஐஎஸ்ஓ சான்று பெற்றது" என்று பெரிதாக எழுதி கடைசி எண்ணைச் சின்னதாகப் போட்டு விற்பவர்கள் உண்டு. அமெரிக்க முத்திரை, ஏஎஸ்டிஎம் எஃப்2413 இருந்தால் அதில் 75 அடி-பவுண்டு, சுமார் 102 ஜூல். சோதிக்கும் முறையும் வேறு என்பதால் இரண்டையும் நேராக ஒப்பிட முடியாது.

சின்னக்கால்:
விலை, தையல், ஜூல் எல்லாம் பேசிவிட்டீர்கள், காலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நான் சைட்டில் வேலை செய்கிற பெண். பல மாடல் ஆண்கள் காலுக்கு அளந்து செய்ததைச் சின்ன சைஸில் விற்பதுதான். குதிகால் லூஸ், முனை இறுக்கம். சாதா தோல் ஷூ போகப் போக இளகிக் கொடுக்கும். இரும்பு முனை ஒரு நூல் கூடக் கொடுக்காது. கடையில் சுண்டுவிரலில் உரசினால் வேலையிலும் உரசும், ஒரு வருடம் கழித்தும் உரசும். "போடப் போடச் சரியாகும்" என்று கடைக்காரர் சொன்னால் குதிகாலுக்கும் மடிப்புக்கும் அதை நம்பலாம், முனைக்கு நம்பாதீர்கள்.

சாயங்காலம், கால் வீங்கியிருக்கும்போது, வேலைக்குப் போடும் தடித்த சாக்ஸோடு போய்ப் பாருங்கள். இரண்டு காலிலும் போட்டு, குந்தி உட்கார்ந்து, படி ஏறி இறங்குங்கள். இறங்கும்போது விரல் முனையில் இடித்தால் அந்த ஜோடி வேண்டாம். சைஸ் கூட்டினால் நீளம்தான் கூடும். அகலம் பற்றாதவர்கள் அகல மாடலைக் கேட்டு வாங்குங்கள். மூன்று மடங்கு விலை கொடுத்த பூட்ஸ் கடித்தால் மூலையில்தான் கிடக்கும்.

நெருப்புப்பொறி:
அதில் எனக்குத் தகராறு இல்லை. நல்ல தோல் மாடல்களில்தான் அகல அளவுகள் தனியாக வருகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சின்னக்கால்:
நடுவிலையிலும் வருகின்றன. தேடிப் பார்க்காமல் சொல்லாதீர்கள்.

புதுவேலை:
கடையில் எஸ்1பி, எஸ்3 என்று இரண்டு காட்டினார்கள். எஸ்3 விலை கூட. ஆண்டிஸ்டேடிக் என்றும் போட்டிருக்கிறது. கரண்ட் அடிக்காது என்கிறார் விற்பவர்.

சோல்மாற்றி:
விற்பவர் சொன்னது ஆபத்தான பேச்சு. ஆண்டிஸ்டேடிக் என்பது உடம்பில் சேரும் நிலைமின்னைத் தரைக்கு மெதுவாக இறக்கிவிடுவது. அதற்கு அந்த ஷூ கொஞ்சம் மின்சாரம் கடத்தத்தான் வேண்டும். மின்காப்பு அதற்கு நேர் எதிர், அதற்கென்றே தனிச் சான்று பெற்ற ஷூ உண்டு. வெல்டிங் செட்டில் ஒயர் பிய்ந்திருந்தால் இந்த ஷூ காப்பாற்றும் என்று நினைக்காதீர்கள்.

எஸ்1பி, எஸ்3 இரண்டிலுமே அடியில் ஆணி ஏறாத தகடு உண்டு. எஸ்3 கூடுதலாக மேல்பாகத்தில் தண்ணீர் ஊறுவதைத் தடுக்கும், சோலில் பட்டன் பட்டனாகப் பிடிப்பு இருக்கும். ஐஎஸ்ஓ 20345-இன் 2022 பதிப்பில் உலோகமில்லாத தகட்டுக்கு எஸ்3எல், எஸ்3எஸ் என்று பிரித்துவிட்டார்கள். எல் 4.5 மில்லிமீட்டர் ஆணியால் சோதித்தது, எஸ் 3 மில்லிமீட்டர் மெல்லிய ஆணியால் சோதித்தது. இந்த உலோகமில்லாத துணித்தகடு வளையும், பாதம் முழுவதையும் மூடும். ஆனால் மெல்லிய கூர்முனைக்கு இரும்புத்தகடுதான் திடம்.

கிடங்குக்கணக்கு:
ஷெட் தரை காய்ந்திருந்தால் எஸ்1பி போதும். வெளியே மழையில் லோடு இறக்குவது உண்டென்றால் எஸ்3. தேவையில்லாத எழுத்துக்குக் காசு கொடுக்காதீர்கள்.

என் யோசனை இது: மூன்று மடங்கில் ஒன்று வாங்கும் காசுக்கு நடுவிலையில் இரண்டு ஜோடி வாங்கி ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். வியர்வை ஊறிய ஷூ ஒரே ராத்திரியில் காயாது. ஈரத்தோடேயே மறுநாள் போட்டால் தோலும் போகும், உள்ளே லைனிங்கும் போகும், நாற்றம் தனி. இன்சோலை உருவி வைத்துப் பழைய பேப்பர் திணியுங்கள். அவசரம் என்று ஹீட்டர் பக்கத்தில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும்.

நெருப்புப்பொறி:
இரண்டும் பியூ சோல் என்றால், போடாத ஜோடியும் அலமாரியில் சேர்ந்தே கிழமாகும். சோல்மாற்றி சொன்னதை அதற்குள் மறந்தாச்சா?

கிடங்குக்கணக்கு:
மறக்கவில்லை. பியூ சோல் கெட வருடங்கள் ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் கிரைண்டிங்கில் போடுகிற ஷூ அதற்கு முன்பே மேல்பாகம் போய்க் கிடக்கும். ரப்பர் வெளிச்சோல், பியூ நடுச்சோல் என்று கலந்து வருவதும் நடுவிலையில் கிடைக்கிறது. சூட்டுக்கு அதையே பார்க்கட்டும்.

நெருப்புப்பொறி:
அந்தக் கலப்பு சோலுக்கு நான் தலையாட்டுவேன். ஆனால் துணி கலந்த மேல்பாகம் மட்டும் வேண்டவே வேண்டாம், முழுத்தோல்தான். ஸ்ப்ளிட் லெதர், அதாவது தோலின் அடி அடுக்கு, அதன் மேல் பிளாஸ்டிக் பூச்சு போட்டு மினுமினுவென்று வைத்திருப்பார்கள். அழுத்தி மடித்துப் பாருங்கள், பூச்சு தனியாகச் சுருங்கினால் சீக்கிரம் உரியும். கணுக்காலுக்கு மேல் ஏறும் உயரம் இருக்கட்டும். உயரம் குறைந்த ஷூவுக்குள் பொறி விழுந்தால் நாடாவை அவிழ்ப்பதற்குள் தோல் வெந்துவிடும். நாடாவை மூடும் மடல் இருந்தால் இன்னும் நல்லது. பேன்ட்டை ஷூவுக்குள் செருகாதீர்கள், வெளியே விடுங்கள்.

லேசுகால்:
முனை இரும்பா காம்போசிட்டா என்று கடைசிவரை யாரும் முடிவு சொல்லவில்லை.

சின்னக்கால்:
இரண்டையும் போட்டுப் பார்க்கட்டும். எது கடிக்கவில்லையோ அது.

புதுவேலை:
எங்கள் ஷெட்டில் ஸ்டீல்தான் என்று எழுதியே ஒட்டியிருக்கிறார்கள், அதனால் அந்தப் பேச்சு எனக்கு இல்லை. முழுத்தோல், ரப்பர் வெளிச்சோல், கணுக்காலுக்கு மேல், எஸ்3. இப்போதைக்கு நடுவிலையில் ஒரு ஜோடி, அடுத்த சம்பளத்தில் இன்னொன்று. நாளை சாயங்காலம் போகிறேன்.

நெருப்புப்பொறி:
இரண்டாவது ஜோடி வாங்கும்போது தைத்ததை ஒருமுறை காலில் போட்டாவது பாருங்கள்.

கிடங்குக்கணக்கு:
விடமாட்டார் இவர். தம்பி, பில்லைப் பத்திரமாக வையுங்கள். சோல் பிரிந்து மாற்றிக் கேட்கப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.